வளையாத முதுகு

அத்தியாயம் 16: முதல் எலும்பு

சாவி கைக்கு வர இன்னும் ஒன்பது மணி நேரம் இருந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு நாகல் நகர் வீட்டுக்காரர் கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பார். "நீ வந்து பாத்து, சரின்னு சொன்னாத்தான் சாவிய வாங்குவேன். நீ கேட்ட வீடு. ஒன் வாயாலயே சொல்லிரு" என்று பிரபு கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

கல்யாணமாகி இந்த மூன்று வருஷத்தில் தமிழ்மதி கணவனிடம் வாய்விட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான். திண்டுக்கல்லில் ஒரு தனி வீடு. சாணார்பட்டியிலிருந்து தினமும் வேலைக்குப் போய்வருவது தூரம் என்று காரணம் சொன்னாள். அரை மணி நேரப் பஸ் ஒரு தூரமே இல்லை என்பது பிரபுவுக்கும் தெரியும்.

தூரம் வேறு இடத்தில் இருந்தது.

மாமியார் கருப்பம்மாளை ஊரில் 'வெறப்பு' என்பார்கள். ஐம்பது வயசு. அவள் நடந்தால் நட்டுவைத்த கம்பு ஒன்று நடப்பது போலிருக்கும். யாருக்கும் குனிய மாட்டாள். கல்யாணத்தன்று மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் வந்து நின்றபோது ஆலாத்தித் தட்டைக் கையில்கூட வாங்காமல் பக்கத்து வீட்டுக்காரியிடம் தள்ளிவிட்டாள். காலில் விழுந்தபோது பிரபு எழுந்து நின்று திருநீறு வாங்கிக்கொண்டான். தமிழ்மதி மண்டியிட்டபடியே நெற்றியைத் தூக்கிக் காத்திருந்தாள்.

அந்தக் கை கீழே வரவில்லை.

மறுநாள் கட்டிலில் படுத்தவள் ஒரு மாசம் எந்த வேலையையும் தொடவில்லை. "அதான் மருமக வந்துட்டால்ல" என்றாள். வாசல் கூட்டுவதிலிருந்து தண்ணீர் தூக்குவது வரை எல்லாம் புதுப்பெண் தலையில் விழுந்தது. "புடிக்காத மருமகளுக்கு யாரு ஆத்தா குனிவா?" என்று அப்போது தமிழ்மதியின் காதில் ஓதியவள் மூக்காயி. மாமனார் மொக்கைச்சாமியின் தங்கை. தன் மகளைப் பிரபுவுக்குக் கட்ட நினைத்து, அது நடக்காமல் போனவள்.

அந்தக் கல்யாணத்தை நிறுத்த மூக்காயி பட்ட பாடு ஊருக்கே தெரியும். பெண் பார்த்துவிட்டு வந்த அன்று பால் சட்டி கவிழ்ந்தது என்றாள். பத்திரிகை அடித்த அன்று மொக்கைச்சாமி தோளில் பல்லி விழுந்தது என்றாள். தங்கச்சி சொன்னால் தட்டாத மொக்கைச்சாமி, "இன்னும் ஒன்னு நடந்துச்சுன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்" என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். நல்லவேளையாக அதற்கப்புறம் எதுவும் நடக்கவில்லை. முகூர்த்தம் முடிந்தது.

அதெல்லாம் பழைய கதை. இன்றைக்கு வியாழக்கிழமை. காலை ஒன்பது மணி.

"தூக்குல சோறும் வெஞ்சனமும் வச்சிருக்கேன். எடுத்துக்க" என்றாள் கருப்பம்மாள்.

அடுப்படியில் எல்லாமே இடுப்பு உயரத்தில்தான் இருக்கும். அரிசி டின்னும் மேடைமேல். தண்ணீர்க் குடமும் மேடைமேல். எடுத்துவைக்கும்போது ஒரு சின்ன வெங்காயம் உருண்டு தரையில் விழுந்தது. கருப்பம்மாள் அதைப் பார்த்தாள். பெருவிரலால் மருமகள் பக்கம் தள்ளினாள்.

"அத எடுத்துப் போட்டுட்டுப் போ, தமிழு."

தமிழ்மதி குனிந்து எடுத்தாள். இன்னும் ஒரு நாள்தான், என்று நினைத்துக்கொண்டாள். வீட்டு விஷயத்தை மாமியாரிடம் சொல்வது யார் என்பதைத்தான் அவளும் பிரபுவும் ஒரு வாரமாக ஒருவர் தலையில் ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"போயிட்டு வாரேன் அத்தை."

"ம்."

*

தமிழ்மதிக்கு வேலை, படம் பார்ப்பது. முதுகெலும்புப் படம்.

திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியின் பௌதிகத் துறையில் ரோசலின் மேடம் நடத்தும் ஆராய்ச்சியில் அவள் உதவியாளர். சாதாரண எக்ஸ்ரே படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், அந்த எலும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்று புரோகிராம் ஒரு எண் சொல்லும். திடமான இளவயதுப் பெண்ணின் எலும்புக்கு நூறு. மற்றவர்களுக்கு அதை வைத்துக் கணக்கு.

எலும்பு வெளியே பார்த்தால்தான் கல். உள்ளே அது மெல்லிய இழைகளால் பின்னிய வலை. வயசு ஏற ஏற இழைகள் மெலியும். சில இடங்களில் அறுந்தும் போகும். எக்ஸ்ரேயில் அந்த இழைகளைக் கண்ணால் எண்ண முடியாது. ஆனால் படத்தில் வெளுப்பும் கறுப்பும் மாறிமாறி விழுகிற விதத்தில் வலையின் சாயல் இருக்கும். புரோகிராம் அதைத்தான் படிக்கிறது.

"படிக்கலை. ஊகிக்குது" என்று ரோசலின் மேடம் திருத்துவார். "ஊகம்ங்கிற வார்த்தையை விட்டுட்டோம்னா நம்ம எல்லாரும் ஜோசியக்காரங்க ஆயிருவோம்."

போன ஞாயிற்றுக்கிழமை சாணார்பட்டியில் முகாம். எக்ஸ்ரே வேன் வந்து நின்றது. நாற்பத்தைந்து வயசு தாண்டிய பெண்கள் வரிசையில் நின்றார்கள். மருமகள் வேலை பார்க்கிற இடத்து முகாமுக்கு மாமியார் வரவில்லை என்றால் ஊர் பேசும் என்றுதான் கருப்பம்மாள் வந்தாள். வந்தவள் மேசையில் ஏறிப் படுக்க எல்லோரையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்டாள். வேனுக்கு வெளியே கூட்டம் சிரித்தது. "ஏ, வெறப்பு படுக்குதுடீ!"

அந்த முதுகின் உள்ளே அப்படி என்னதான் இருக்கிறது?

நான்கு நாட்களாகத் தமிழ்மதிக்குள் அந்தக் கேள்வி எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அவள் முறை தவறாதவள். மற்ற படங்களை வரிசைப்படி முடித்துவிட்டு, இன்று காலைதான் மாமியாரின் படத்தைத் திறந்தாள்.

திரையில் இடுப்புப் பகுதி எலும்புகள் மேலிருந்து கீழே அடுக்கிவைத்தது போல நின்றன. படத்தின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு அலுமினியப் படிக்கட்டு. ஒவ்வொரு படத்திலும் அதையும் வைத்தே எடுப்பார்கள். ஒரு படம் வெளுத்து விழும், இன்னொன்று கறுத்து விழும். அந்தப் படிகளோடு ஒப்பிட்டால்தான் எலும்பின் உண்மையான வெளுப்பு தெரியும்.

அவள் ஒவ்வொரு எலும்பின் நான்கு மூலைகளிலும் புள்ளி வைத்தாள். நான்கு எலும்புகள். பட்டனைத் தட்டினாள்.

இரண்டாவது எலும்பு, நாற்பத்திரண்டு. மூன்றாவது, நாற்பத்தைந்து. நான்காவது, நாற்பத்து நான்கு.

மிகக் குறைவு. எழுபது வயசுக்காரிக்கு வர வேண்டிய எண். ஊரே 'வெறப்பு' என்று சொல்லும் முதுகு உள்ளே சல்லடையாக இருந்தது. தமிழ்மதிக்கு நெஞ்சில் ஏதோ சிக்கியது. அது சந்தோஷம் இல்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் முதல் எலும்பு?

எண்பத்தொன்று.

அவள் புள்ளிகளை அழித்துவிட்டு மறுபடி வைத்தாள். எண்பது. இன்னொரு தடவை. எண்பத்தொன்று.

வழக்கமாக மேலே இருக்கும் எலும்பில்தான் எண் கொஞ்சம் குறைவாக வரும். இங்கே மூன்று எலும்பு கிழவியுடையது, ஒரு எலும்பு குமரியுடையது. ஒரே முதுகில் இது எப்படி?

"ஃபாரிஸு, செத்த நேரம் இங்க வாயேன்."

வேனில் படம் எடுத்தவன் ஃபாரிஸ். பேகம்பூர்க்காரன். வாய் ஓயாது, ஆனால் கை சுத்தம். எட்டிப் பார்த்தவன் உடனே சிரித்தான்.

"அக்கா, இன்னொரு சுண்ணாம்பா?"

மூக்காயி கேஸைத்தான் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை வேனிலேயே ஓட்டிப் பார்த்தபோது மூக்காயிக்கு நூற்றுப் பத்து வந்தது. ஐம்பத்தாறு வயசில் நூற்றுப் பத்து. ஊரெல்லாம் பரவிவிட்டது. திங்கட்கிழமை உட்கார்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்புப் பொட்டலம் இடுப்புச் சேலைக்குள் இருந்து நழுவி முதுகுக்கு அடியில் போயிருக்கிறது. சுண்ணாம்பும் கால்சியம், எலும்பும் கால்சியம். புரோகிராமுக்கு வெற்றிலை போடத் தெரியாதே. இரண்டையும் சேர்த்துக் கூட்டிவிட்டது.

"எங்க அத்தை வெத்தலை போட மாட்டாங்க."

"தாயத்து?"

"தாயத்துன்னா ஓரம் கத்தரிச்ச மாதிரி தெரியுமேப்பா. இது எலும்பு பூரா ஒரே சீரா வெளுத்துருக்கு."

"அப்ப மருந்துப் பத்து போட்டிருப்பாக. எங்க உம்மா இப்புடித்தான் முதுகு பூரா எதையாச்சும் அப்பிக்கிட்டு, இடுப்புச் சாவிக்கொத்தையும் கழட்டாம வந்து படுப்பாக. கேட்டா, 'என் புள்ளதானடா மெஷின ஓட்டுற, நீ பாத்து எடுத்துக்க' ம்பாக."

தமிழ்மதி சிரித்தாள். பிறகு போனை எடுத்தாள். மாமியாருக்குத் தானாகப் போன் செய்வது அவள் வழக்கமில்லை. இரண்டு தடவை மணி அடித்ததும் கருப்பம்மாள் எடுத்தாள்.

"அத்தை, நான்தான். ஞாயித்துக்கெழமை படம் எடுக்கையில முதுகுல பத்து கித்து ஏதாச்சும் போட்டிருந்தீங்களா?"



"எதுக்குக் கேக்குற?"

"படத்துல ஒரு எடம் மட்டும் வெளுப்பா இருக்கு."

"வெளுப்பா இருந்தா நல்லதா கெட்டதா?"

"நல்லதுதான்... பலமா இருக்குன்னு காட்டுது."

"அப்ப விடு" என்றாள் கருப்பம்மாள். போன் வைக்கப்பட்டது.

தமிழ்மதி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'இல்லை' என்று ஒரு வார்த்தையில் முடிய வேண்டிய பதில். அதை விட்டுவிட்டு, நல்லதா கெட்டதா என்று ஒரு கேள்வி. நல்லது என்றதும், விடு.

"ஃபாரிஸு, பக்கவாட்டுல எடுத்த படமும் இருக்கும்ல?"

"இருக்கு. ஆனா நம்ம கணக்குக்கு அது வேணாம்னு மேடம் சொன்னாகளே."

"எனக்கு வேணும். குடேன்."

*

ஃபாரிஸ் தேடி எடுத்து அனுப்புவதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. தூக்குச்சட்டி திறக்காமல் கிடந்தது.

பக்கவாட்டில் பார்த்தால் முதுகெலும்பு வேறு உருவம். ஒவ்வொன்றும் கட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும். இரண்டு, மூன்று, நான்கு, எல்லாம் கட்டம்தான்.

முதலாவது கட்டம் இல்லை.

பின்பக்கம் உயரமாகவும் முன்பக்கம் ஒடுங்கியும் இருந்தது. மரம் பிளக்கிற ஆப்பை யாரோ எலும்புகளுக்கு நடுவில் செருகிவைத்தது போல.

தமிழ்மதி நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். அவளுக்குப் பஞ்சு ஞாபகம் வந்தது. ஒரு கூடைப் பஞ்சை ஒரு சொம்புக்குள் அமுக்கினால் கெட்டியாகத்தான் தெரியும். பஞ்சு கூடிவிட்டதா என்ன? இடம் குறைந்துவிட்டது. எலும்பு நசுங்கியபோது அதில் இருந்த சுண்ணாம்பெல்லாம் சின்ன இடத்துக்குள் நெருங்கிவிட்டது. முன்னாலிருந்து எடுத்த படத்தில் அந்த நெருக்கம் வெளுப்பாக விழுந்தது. வெளுப்பைப் புரோகிராம் பலம் என்று சொல்லிவிட்டது.

நான்கில் பலமானது என்று காட்டிய எலும்புதான் உடைந்த எலும்பு.

அவள் எழுந்து ரோசலின் மேடத்தின் அறைக்குப் போனாள். யாருடைய படம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

"உன் மாமியாரா? அப்ப நீ வச்ச புள்ளி செல்லாது. நகரு" என்று மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தானே உட்கார்ந்தார். புள்ளி வைத்தார். அதே எண்கள். பக்கவாட்டுப் படத்தைத் திறந்தார். முதல் எலும்பைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தப்பு நம்ம மேல, தமிழ். பக்கவாட்டுப் படத்தைப் பாக்காம எந்த எலும்பையும் கணக்குல சேத்திருக்கக் கூடாது. எல்லாத்தையும் மறுபடி பாக்கணும்." பிறகு குரல் மாறியது. "இவங்க எப்ப விழுந்தாங்க?"

"விழுந்ததாவே யாரும் சொல்லலை மேடம்."

"விழாமலும் சில பேருக்கு நசுங்கும். ஆனா இது புது முறிவு இல்லை. ஓரமெல்லாம் கூடி, கெட்டிப்பட்டிருக்கு. பழசு."

"எத்தனை வருஷம் இருக்கும்?"

"அதைப் படம் சொல்லாது. ஒரு வருஷமா இருக்கலாம், அஞ்சு வருஷமா இருக்கலாம். நாம வச்சிருக்கறது ஊகிக்கற மெஷின். அவங்க வச்சிருக்கறது பதில். போய்க் கேளு." மேடம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "முதல்ல எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. மருந்து இருக்கு. அதுவரைக்கும் குடம், மூட்டை எதையும் தூக்க விடாத. மத்த மூணு எலும்பும் இந்த நிலைமையில இருக்கறப்ப, இன்னொரு தடவை விழுந்தாங்கன்னா எந்திரிக்கறது கஷ்டம். வீட்டுல கூட யாரு இருக்கா?"

 மாமனார் தேங்காய் லோடோடு வடமதுரைப் பக்கம் போனால் வர இரண்டு நாளாகும். பிரபு காலையில் கடைக்குப் போனால் இரவுதான். நாளைக்கு அவனும் நாகல் நகருக்கு வந்துவிட்டால்...

"நான் இருக்கேன் மேடம்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

*

சாணார்பட்டி வழியாக நத்தம் போகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மணி நான்கு. நாகல் நகருக்கு அவள் போகவில்லை.

பஸ் ஓட ஓட, அவள் மூன்று வருஷத்தைப் பின்னோக்கி ஓட்டினாள். மேடைக்கு ஏறிய அரிசி டின். பெருவிரலால் தள்ளிய வெங்காயம். பூச்செடி.

ஆமாம், பூச்செடி. வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் கனகாம்பரம் இருந்தது. கருப்பம்மாள் கை பட்டால் கனகாம்பரம் கொட்டும் என்பார்கள். தமிழ்மதி வந்த மூன்றாம் மாசம், பூத்துக்கொண்டிருந்த செடியை ஆள் வைத்து வேரோடு பிடுங்கிவிட்டு மாமியார் முருங்கை போட்டாள். பூ நல்ல விலை போய்க்கொண்டிருந்த சமயம். காரணம் கேட்டதற்கு, "என் இஷ்டம்" என்றாள். ஊரே திமிர் என்றது. தமிழ்மதியும்தான்.

கனகாம்பரம் முழங்கால் உயரம். நாளெல்லாம் குனிந்து பறிக்க வேண்டும். முருங்கையை நின்றபடி தொரட்டியால் பறிக்கலாம்.

அவள் வெறுப்பில் பார்த்ததையெல்லாம் இப்போது படம் பார்ப்பது போலப் பார்த்தாள். அதே வெளுப்பு, அதே கறுப்பு. ஆனால் இன்னும் ஒரு படம் குறைகிறது. பக்கவாட்டுப் படம்.

எப்போது விழுந்தாள்? ஏன் மறைத்தாள்?

*

வீட்டு முற்றத்தில் மூக்காயி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். கருப்பம்மாள் தூணில் சாய்ந்து நின்றாள். உட்காரவில்லை.

"வா ஆத்தா. வெரசா வந்துட்ட?" என்றாள் மூக்காயி. "ஒன் மாமியா எலும்பு என்ன சொல்லுது? என்னுது இருவது வயசுப் புள்ளையோடதாம்ல. அந்தப் பாய் வீட்டுப் பையனே வாயைப் பொளந்துட்டான்."

சுண்ணாம்பு விஷயத்தை அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. தமிழ்மதி வாயைத் திறந்தாள். மூக்காயியின் தலைக்கு மேலே கருப்பம்மாளின் கண்கள் அவளைப் பார்த்தன. தலை லேசாக அசைந்தது. வேண்டாம்.

"நல்லாருக்குன்னு வந்துருக்கு" என்றாள் தமிழ்மதி.

"நல்லா இல்லாம? வளையாத கட்டைக்கு என்ன கேடு?" மூக்காயி எழுந்தாள். "எங்க அண்ணன் பாவம். அன்னிக்குப் பல்லி விழுந்தப்பவே சொன்னேன், இந்த வீட்டுக்கு வெளங்காதுன்னு. கேட்டாகளா? இப்ப பாரு, மகன் தனிக்குடித்தனம் போறான்னு ஊரே பேசுது."

தமிழ்மதிக்கு முகம் சுட்டது.

"ஊரு பேசட்டும், நாத்துனா" என்றாள் கருப்பம்மாள், குரலை உயர்த்தாமல். "நீங்க வெத்தலைய மென்டு முடிங்க. மொளகாய்ச் செடிக்குத் துப்பிறாதிக, கருகிரும்."

மூக்காயி முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினாள். அவள் தெருமுனை திரும்பும் வரை தமிழ்மதி காத்திருந்தாள்.

"ஒங்களுக்குத் தெரியுமா அத்தை? வீட்டு விஷயம்?"

"பிரபு பயலுக்கு மறைக்கத் தெரியாது. ஒரு வாரமா என் மொகத்தப் பாக்காமலே சோறு திங்கிறான்." தொரட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். "போறதுன்னா போங்க. நாளைக்கு வெள்ளிக்கெழமை, பால் காச்சுங்க. நல்ல நா."

தமிழ்மதி பின்னாலேயே போனாள். முருங்கை மரங்களுக்கு நடுவில் வெயில் சரிந்திருந்தது. கருப்பம்மாள் தொரட்டியை உயர்த்தினாள். காய் அறுந்து விழுந்தது. தமிழ்மதி குனிந்து எடுத்துக் கூடையில் போட்டாள். இன்னொன்று. மூன்று வருஷமாக இப்படித்தான். மேலே இருப்பது மாமியாருக்கு, கீழே விழுவது மருமகளுக்கு. இது ஏன் இப்படி என்று அவள் ஒரு நாளும் நினைத்ததில்லை.

"அத்தை, ஒங்க முதுகெலும்பு ஒன்னு நசுங்கிருக்கு."

தொரட்டி அந்தரத்தில் நின்றது.

"பலமா இருக்குன்னு சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன். நசுங்குனதுதான் வெளுப்பாத் தெரிஞ்சிருக்கு."

"மெஷினு எல்லாத்தையும் காட்டிக் குடுத்துருமோ?" கருப்பம்மாளின் குரலில் கோபமில்லை. சின்னப் பிள்ளை ஒரு புது விளையாட்டுச் சாமானைப் பற்றிக் கேட்பது போலிருந்தது. "எப்புடித் தெரியுது அது? உள்ள கோடு விழுந்த மாதிரியா?"

தமிழ்மதி ஒரு முருங்கைக் குச்சியை எடுத்து மண்ணில் வரைந்தாள். மூன்று கட்டம். மேலே ஒரு ஆப்பு. கருப்பம்மாள் குனியாமல், கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தாள்.

"இம்புட்டூண்டா ஆயிருச்சாக்கும்" என்றாள். "வலி மட்டும் இம்புட்டா இருந்துச்சு." தொரட்டி பிடிக்காத கையை அகல விரித்துக் காட்டினாள்.

"எப்ப விழுந்தீங்க?"

கருப்பம்மாள் தொரட்டியை அடுத்த காய்க்கு நீட்டினாள்.

"காய் பறிக்கையிலயா?"

"இல்ல."

"மோட்டார் ரூம் படியிலயா? அங்கதான் பாசி புடிச்சுக் கெடக்கு."

"இல்லத்தா."

"மாமாகிட்டயாச்சும் சொன்னீங்களா?"

"அவருகிட்டச் சொன்னா அவரு தங்கச்சிகிட்டச் சொன்ன மாதிரி."

"சொன்னாத்தான் என்ன? விழுகுறது ஒரு குத்தமா? ஆஸ்பத்திரிக்காவது போயிருக்கலாம்ல. இத்தன நாளா, உக்காரயில எந்திரிக்கையில... நான் வேற ஒங்கள..." கையிலிருந்த குச்சியைக் கீழே போட்டாள். "இதுல என்ன அம்புட்டுக் கௌரவம் ஒங்களுக்கு?"

"கௌரவமா?" கருப்பம்மாள் சிரித்தாள். தமிழ்மதி அந்தச் சிரிப்பை இதற்கு முன் பார்த்ததில்லை. "அன்னிக்கு மட்டும் நான் வாயத் தொறந்து 'ஆத்தாடி'ன்னு கத்தியிருந்தேன்னு வையி, நீ இந்த வாசல்ல கால் வச்சிருக்க மாட்ட."

"நானா? எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

கைக்குள் போன் அதிர்ந்தது. பிரபு. மணி ஐந்து ஐம்பது. நாகல் நகரில் வீட்டுக்காரர் சாவியோடு நின்றிருப்பார். போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடிக்கத் தொடங்கியது. தமிழ்மதி எடுக்கவில்லை.

கருப்பம்மாள் தொரட்டியை மரத்தில் சாய்த்துவைத்தாள். இடது கையால் கிளையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையைக் கீழே கொண்டுவந்து, மண்ணில் படத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்த மருமகளின் தலையைத் தொட முயன்றாள். பாதி வரைதான் வந்தது. தமிழ்மதி எழுந்து அந்தக் கைக்கு அடியில் நின்றாள்.

"ஒன் கல்யாணத்துக்கு மொத நா சாயங்காலம்" என்றாள் கருப்பம்மாள். "வாசல்ல தோரணம் கட்டயில ஸ்டூலு சரிஞ்சு விழுந்தேன். 'இன்னும் ஒன்னு நடந்துச்சுன்னா'ன்னு ஒங்க மாமா சொல்லியிருந்த நேரம்."